தைராய்டு குறைவாகச் சுரக்கிறதா? சாப்பாடு, மாத்திரை, காலைக் கோப்பி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் அரசாங்க கிளினிக் மிஸ்ஸியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையை விட்டாலும் கேள்விகள் என்னை விடவில்லை. கோயிலில், பாசாரில், கல்யாணப் பந்தியில்கூட யாராவது கையைப் பிடித்து நிறுத்தி, "மிஸ்ஸி, எனக்கும் தைராய்டாம்" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கே 11 வருடமாக இந்தக் குறை இருக்கிறது. அதனால் பாதி பதில் கிளினிக்கில் கற்றது, மீதி என் அடுப்படியில் கற்றது.

எல்லாரும் கேட்பது "எதைச் சாப்பிடக் கூடாது?" என்றுதான். "எப்போது சாப்பிடணும்?" என்று கேட்டவரை விரல் விட்டு எண்ணிவிடலாம். இங்கே இருப்பதெல்லாம், கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி ஹார்மோனைக் குறைவாகச் சுரப்பவர்களுக்கு. அதிகமாகச் சுரப்பவர்களுக்கு இது பொருந்தாது.

"லோனு சொல்றாங்க, ஆனா ரிப்போர்ட்ல நம்பர் ஏறித்தானே இருக்கு மிஸ்ஸி?"

இதில் குழம்பாத ஆளை நான் பார்த்ததில்லை. இரத்தச் சோதனை ரிப்போர்ட்டில் டாக்டர் முதலில் பார்க்கும் டிஎஸ்எச், தைராய்டு சுரப்பது கிடையாது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்புவது அது. ஆள் ஒழுங்காக வேலை செய்தால் மண்டோர் பேசாமல் நிற்பார். ஆள் சுணங்கினால் சத்தம் போடுவார். டிஎஸ்எச் ஏறியிருக்கிறது என்றால் மண்டோர் கத்திக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பெரும்பாலான லேப்களில் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை சரியான அளவு. உங்கள் லேபின் அளவு ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். அதோடு டி4 என்று ஒரு எண் இருக்கும். தைராய்டு உண்மையில் சுரந்தது அதுதான். டிஎஸ்எச் ஏறி டி4 இறங்கியிருந்தால் தைராய்டு குறைவு உறுதி.

"கழுத்துல வீக்கமே இல்லையே, எனக்கு எப்படி வந்துச்சு?"

கழுத்து வீங்காமலும் வரும். உப்பில் அயோடின் கிடைக்கும் ஊர்களில் பெரும்பாலும் காரணம், உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவதுதான். ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-இல் இதை விவரித்தார். அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். ஒரே குடும்பத்தில் அம்மா, மகள், பெரியம்மா என்று தொடர்வதும் உண்டு.

தைராய்டை அறுவை செய்து எடுத்தவர்கள், அதிகச் சுரப்புக்காகக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள், மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம், இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கும் வரலாம். பிரசவமான ஒரு வருடத்துக்குள் வந்து, சிலருக்குத் தானாகவே சரியாகிப் போவதும் உண்டு. அதனால் உங்களுக்கு எதனால் வந்தது என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். மாத்திரை ஆயுளுக்குமா, கொஞ்ச காலத்துக்கா என்பது அதைப் பொறுத்தது.

"இது சும்மா வேலைக் களைப்புதானே லா?"

இருக்கலாம். நாள் முழுக்கச் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினால் யாருக்கும்தான் இடுப்பு ஒடியும். ஆனால் அந்தக் களைப்பு தூங்கி எழுந்தால் குறையும், இது குறையாது. எல்லாரும் விசிறிக் காற்றுக்குச் சண்டை போடும்போது நீங்கள் மட்டும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், குரல் கரகரத்தால், தோல் காய்ந்து மலம் இறுகினால், மாதவிலக்கு அதிகமாகப் போனால் ஒரு தடவை இரத்தம் சோதித்துப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் பதிய ஒரு வெள்ளி.

"மாத்திரை வேணாம், சாப்பாட்டுலயே சரி பண்ண முடியாதா?"

ஹஷிமோட்டோ வகைக்கு முடியாது. சுரப்பி செய்ய வேண்டிய ஹார்மோனை எந்தக் கீரையும் செய்து தராது. 1891-இல் ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கிலேய மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டார். அதற்கு முன்னால் இந்த நோய் முற்றியவர்களுக்குக் கொடுக்க மருந்தே இல்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 வருடம் உயிரோடு இருந்தார். நாம் போடும் லெவோதைராக்ஸின் மாத்திரை, சுரப்பி செய்யும் அதே டி4 ஹார்மோன்தான். இப்போது ஆட்டைத் தேட வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது. மாத்திரை உடம்பில் சேரவிடுவதோ தடுப்பதோ சாப்பாடுதான். எடை, மலச்சிக்கல், கொழுப்பு ஆகியவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு.

"மாத்திரைய எப்போ, எப்படிப் போடணும்? காலையிலதானே போடுறேன்."

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அதற்குப் பிறகு பசியாற அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். தினமும் ஒரே மாதிரி.

மரம் சீவப் போகும் ஓர் அக்கா எங்கள் கிளினிக்குக்கு வருவார். டிஎஸ்எச் 18. மாத்திரையை 75 மைக்ரோகிராமிலிருந்து 100 ஆக ஏற்றியும் 14-க்குக் கீழே இறங்க மறுத்தது. "தினமும் போடுறேன் மிஸ்ஸி, சாமி சத்தியமா" என்றார். "எப்படிப் போடுறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றேன். பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். மூடியில் கெட்டிப்பால் போட்ட தேத்தண்ணியை ஊற்றினார், மாத்திரையை நாக்கில் வைத்தார், ஊதி ஊதி ஒரு மடக்கில் விழுங்கினார். கையோடு இரண்டு பிஸ்கட். பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் தினமும் அப்படித்தானாம். தேயிலையும் பாலும் பிஸ்கட்டும் சேர்ந்து மாத்திரையில் பாதியை வீணாக்கியிருக்கின்றன.

அளவைக் கூட்டாமல் இடத்தை மட்டும் மாற்றினோம். மாத்திரை டப்பா பல் விளக்கும் குவளைக்குப் பக்கத்தில் போனது. நாலரைக்கு எழுந்ததும் மாத்திரை, ஒரு குவளைத் தண்ணீர். பிறகு குளியல், சாமி விளக்கு, சோறு கட்டுவது. ஐந்தரைக்குத் தேத்தண்ணி. இரண்டு மாதம் கழித்து டிஎஸ்எச் 3 சொச்சம்.

"நான் கோப்பி-ஓ தானே குடிக்கிறேன், பாலே இல்லையே?"

கறுப்புக் கோப்பியும் மாத்திரையை உறிஞ்ச விடாமல் தடுக்கும். சீனி இல்லாவிட்டாலும் அப்படித்தான். கோப்பியை விடச் சொல்லவில்லை, மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்கிறேன்.

"நைட் ஷிஃப்ட் பாக்குறேன், காலையில வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிடுவேன். நான் என்ன பண்றது?"

தூங்கப் போகும்போது போடலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபேக்டரியிலிருந்து வந்ததும் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவருக்கு இது சரிவராது. அவர் எழுந்ததும் போடட்டும், அது மாலை நான்கு மணியாக இருந்தாலும். எப்போது எழுந்தாலும் வெறும் வயிறு வெறும் வயிறுதான்.

"இரத்தம் கம்மினு இரும்பு மாத்திரையும் குடுத்திருக்காங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுடலாமா?"

கூடாது. எனக்கே நேர்ந்தது இது. மிஸ்ஸி என்று பெயர், ஆனால் என் சொந்த மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்த்து ஐந்து மாதம் விழுங்கியிருக்கிறேன். முடி கொட்டுகிறது, மூட்டு வலிக்கிறது என்று டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

இரும்பு, கால்சியம், கேஸ்ட்ரிக்குக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து, இவை மூன்றும் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும். ஓமெப்ரஸோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கு அளவு கூடத் தேவைப்படலாம். நீங்கள் போடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். வாயால் சொன்னால் ஒன்று விட்டுப்போகும்.

"கோஸ், மரவள்ளிக்கிழங்கு ரெண்டையும் தொடவே கூடாதாமே?"

வாட்ஸ்அப்பில் இந்தப் பட்டியல் சுற்றாத நாளே இல்லை. கோஸ், காலிஃபிளவர், சாவி என்கிற கடுகுக் கீரை வகைகளில் அயோடினோடு மோதும் பொருள்கள் இருப்பது உண்மை. மரவள்ளியிலும் உண்டு. ஆனால் தொல்லை வருவது, உணவில் அயோடினே குறைவாக உள்ள ஊரில், அதையே மூன்று வேளையும் சாப்பிடுபவர்களுக்கு. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளியைத் தின்றே நாள் கடத்திய கதையை என் பாட்டி சொல்வார். அப்படிச் சாப்பிடுபவர் இன்று யார்?

வேகவைத்தால் கோஸின் வீரியம் பெரும்பாலும் போய்விடும். நாம் கோஸைப் பொரியல், கூட்டு என்றுதான் செய்கிறோம். வாரம் இரண்டு மூன்று தடவை தாராளமாகச் சாப்பிடுங்கள். பச்சைக் கோஸை அரைத்துத் தினமும் ஜூஸ் குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். மரவள்ளியைத் தோலுரித்து, நன்றாக அவித்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடலாம். மரவள்ளியைப் பச்சையாகத் தின்பது தைராய்டு குறை இல்லாதவருக்கும் ஆபத்து.

"தௌபூ, தெம்பே, சோயா பால்?"

சைவம் சாப்பிடும் வீடுகளுக்குப் புரதமே அவைதான், விட வேண்டாம். சோயா மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதால், காலையில் மாத்திரை போட்ட கையோடு சோயா பால் குடிக்காதீர்கள். மதியமோ இரவோ சாப்பிடுங்கள். ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லை என்று மாற்றாமல் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் டாக்டர் மாத்திரை அளவைச் சரிக்கட்டுவது சுலபம்.

"எந்த உப்பு நல்லது? நாங்க கல் உப்புதான் போடுறோம்."

அயோடின் சேர்த்த உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், கர்ப்பிணிகளுக்கு 250. சாதாரணக் கல் உப்பிலும், இளஞ்சிவப்பு ஹிமாலய உப்பிலும் அயோடின் மிகக் குறைவு. பேக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கும். மீன், முட்டை, பால் ஆகியவற்றிலும் அயோடின் கிடைக்கிறது.

நம் வீடுகளில் ஒரு பழக்கம். உப்பு ஜாடி அடுப்புக்குப் பக்கத்தில், மூடியில்லாமல், உள்ளே ஈரக் கரண்டியோடு நிற்கும். சூடும் ஈரமும் பட்டுப் பட்டு அயோடின் குறைந்துகொண்டே போகும். மூடி போட்ட டப்பாவில் அடுப்புக்குத் தள்ளி வையுங்கள், கறி இறக்கும்போது உப்புப் போடுங்கள். அதற்காக உப்பை அள்ளிப் போடச் சொல்லவில்லை, இரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் வழக்கம்போல் குறைத்தே சாப்பிடட்டும்.

"என் மச்சினி கடற்பாசிப் பவுடர் விக்கிறா. அயோடின் நிறைய இருக்காம், தைராய்டு ஓடிப்போயிடுமாம்."

மச்சினியிடம் சண்டை வேண்டாம், பவுடரும் வேண்டாம். ஹஷிமோட்டோ இருப்பவருக்கு அயோடின் அளவுக்கு மீறினால் தைராய்டு இன்னும் சுணங்கும். கடற்பாசியில் எவ்வளவு அயோடின் இருக்கும் என்பதும் பாசிக்குப் பாசி மாறும். மேலே சொன்ன உப்பே உங்களுக்குப் போதும்.

மருந்து என்று எதை வாங்கினாலும் டப்பாவில் "மால்" என்று தொடங்கும் பதிவெண்ணும் மினுமினுக்கும் ஒட்டியும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. பதிவெண் இருப்பதால் மட்டும் அது தைராய்டைக் குணப்படுத்தும் என்று ஆகிவிடாது.

"தைராய்டாலதான் 20 கிலோ ஏறிட்டேன். மாத்திரை போட்டா இறங்குமா?"

தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான். அதிலும் நிறைய, உடம்பில் தங்கிய உப்பும் நீரும். மாத்திரை சரியானதும் அது இறங்கும். மிச்சம் 15 கிலோவுக்குக் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது: ஒரு நாளைக்கு நாலு தே தாரிக், ஒவ்வொன்றிலும் கெட்டிப்பால், ராத்திரி ரொட்டி சானாய், இடையில் மைலோ. கேட்கக் கசப்பாக இருக்கும், எனக்கும் கசந்தது. தே தாரிக்கைத் தே-ஓ கோசோங்காக மாற்றிய முதல் வாரம் எனக்கு உலகமே வெறுத்துப்போனது.

எடை குறைய வேண்டும் என்று மாத்திரையைக் கூட்டிப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அளவு கூடினால் நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகும். விளையாட்டு காரியம் இல்லை இது.

"காட்டு வேலை செய்றேன், அதுக்கு மேல எக்சர்சைஸ் வேறயா?"

வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது தூக்கம். நாலரைக்கு எழுகிறவர் இரவு பதினொன்று வரை நாடகம் பார்த்தால் எந்த மாத்திரையும் களைப்பைப் போக்காது. ஓய்வு பெற்றவர்களும் ஆபீசில் உட்காருபவர்களும் தினம் அரை மணி நடந்தால் போதும். டிஎஸ்எச் இன்னும் ஏறியே இருக்கும்போது முட்டியைப் போட்டு வதைக்காதீர்கள். தசை வலிக்கும், விட்டுவிடத் தோன்றும். மாத்திரை சரியான பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

"மலச்சிக்கலுக்கு இசப்கோல் குடிக்கலாமா? கொலஸ்ட்ராலும் ஏறிடுச்சு."

குடிக்கலாம், ஆனால் மாத்திரையிலிருந்து சில மணி நேரம் தள்ளி. நார்ச்சத்தும் மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர், கங்கோங், பப்பாளி ஆகியவையும் நல்லது. தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பு ஏறுவது வழக்கம், டிஎஸ்எச் இறங்கும்போது அதுவும் ஓரளவு இறங்கும். கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தசை வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"தைப்பூசத்துக்கு விரதம், காவடி எடுக்கிறேன். மாத்திரை போட்டா விரதம் முறிஞ்சிடுமா?"

முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். விரதத்தில் வயிறு காலி, மாத்திரைக்கு அதைவிடத் தோதான நேரம் ஏது? தண்ணீரோடு விடியற்காலையில் போடுங்கள். நீரிழிவும் சேர்ந்து இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டே விரதம் இருங்கள். நோன்பு பிடிக்கும் நம் முஸ்லிம் சகோதரிகள், சஹருக்கு அரை மணி முன்னால் எழுந்து போடலாம், அல்லது நைட் ஷிஃப்ட் பதிலில் சொன்னபடி நோன்பு திறந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம்.

"மகளுக்குத் தைராய்டு இருக்கு, இப்போ முழுகாம இருக்கா. மருந்து குழந்தைக்கு ஆகாதுனு நிறுத்தச் சொல்றாங்க மாமியார்."

நிறுத்தவே கூடாது. முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் ஹார்மோனை நம்பியே வளர்கிறது, மூளை உருவாகும் காலம் அது. கர்ப்பத்தில் பெரும்பாலோருக்கு மாத்திரை அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். நாள் தள்ளிப்போய்ச் சோதனையில் உறுதியானால் அந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், முதல் அப்பாயிண்ட்மெண்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அங்கே இரும்பு மாத்திரையும் தருவார்கள், என் ஐந்து மாதக் கதை ஞாபகம் இருக்கட்டும். பிறந்ததும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் தைராய்டு சோதனை செய்வார்கள், அதன் முடிவையும் கேட்டு வாங்குங்கள்.

"ரிப்போர்ட் நார்மல் வந்துடுச்சே, இனிமே எதுக்கு மாத்திரை?"

மாத்திரை போடுவதால் நார்மல். குடை பிடித்து நனையாமல் வந்தவர், மழை நின்றுவிட்டது என்று நினைக்கிற கதைதான். நிறுத்திய உடனே ஒன்றும் தெரியாது, அதுதான் ஏமாற்றும். இந்த ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். சில வாரம் கழித்துப் பழைய களைப்பு மெதுவாக வந்து உட்காரும். பிரசவத்துக்குப் பின் வந்த வகை என்றால் டாக்டரே குறைத்துப் பார்ப்பார்.

"அளவு மாத்தி ரெண்டு வாரம் ஆச்சு, திரும்ப டெஸ்ட் எடுக்கட்டா?"

இப்போது எடுத்தால் காசு வீண். டிஎஸ்எச் நிலைப்பட 6 முதல் 8 வாரம் வேண்டும். சோதனை நாளில் இரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போடுங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்கள் குறைந்தது இரண்டு நாள் முன்னாலேயே அதை நிறுத்த வேண்டும். சில லேப் கருவிகளில் பயோட்டின் டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டும், குறை இருப்பவருக்கும் நார்மல் என்று வந்துவிடும்.

"அப்பாவுக்கு 78 வயசு. டிஎஸ்எச் 6.5, டி4 நார்மல். டாக்டர் மருந்தே குடுக்கல, ஏமாத்துறாரா?"

ஏமாற்றவில்லை. வயது ஏற ஏற டிஎஸ்எச் கொஞ்சம் ஏறுவது இயல்பு. டி4 சரியாக இருந்து, டிஎஸ்எச் 10-க்குள் இருக்கும் முதியவர்களுக்குப் பெரும்பாலும் மருந்து தராமல் சில மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வார்கள். தேவைப்பட்டாலும் சின்ன அளவில் தொடங்கி மெதுவாகவே ஏற்றுவார்கள். இதயம் பலவீனமானவருக்கு எடுத்தவுடன் முழு அளவு கொடுத்தால் நெஞ்சு வலி வரலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தைராய்டு குறைவுள்ள முதியவர் உடம்பு சில்லிட்டு, எழுப்பினாலும் எழாமல், பேச்சுக் குழறிக் கிடந்தால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை பொறுக்காதீர்கள். உடனே 999.

"இன்னிக்குப் போட்டேனா இல்லையானே ஞாபகம் இல்ல மிஸ்ஸி. ரெண்டாப் போட்டுடவா?"

இரண்டாகப் போட வேண்டாம். அன்றைக்கே ஞாபகம் வந்தால், வயிறு காலியான நேரம் பார்த்து ஒன்று போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வருகிறது என்றால் விட்டுவிட்டு வழக்கமான ஒன்றைத் தொடருங்கள். மேலே சொன்ன 7 நாள் கணக்கால் ஒரு நாள் தவறினால் உடம்பு தாங்கிக்கொள்ளும். வாரத்தில் மூன்று நாள் தவறினால் தாங்காது.

ஃபார்மசியில் ஏழு அறை டப்பா விற்கிறார்கள். நான் ஞாயிறு சாயங்காலம் நாடகம் தொடங்கும் முன் ஏழையும் நிரப்பி, குளியலறை ஈரம் படாமல் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவேன். வியாழன் அறை காலியாக இருந்தால் வியாழக்கிழமை போட்டாயிற்று. மாத்திரையை மோட்டார் பெட்டியிலோ அடுப்பு மேல் தட்டிலோ வைக்காதீர்கள், சூட்டில் வீரியம் போய்விடும். அந்த மரம் சீவும் அக்கா ஏழு அறை டப்பா வாங்கவில்லை. சுவரில் மாட்டிய தமிழ் நாள்காட்டியில் தேதியைக் கிழிக்கும்போது மாத்திரையைப் போடுவாராம். கிழிக்காத தாள் தொங்கினால் அவர் பேரன், "பாட்டி, இன்னும் நேத்துலயே இருக்கீங்க" என்று கத்துவானாம்.